சம்மதக் கடுதாசி

அந்தப் பேனாவ பாக்கெட்டுல வையி ஜமீரு. மொதல்ல உக்காரு. ஹெட்மாஸ்டர் நீட்டினாருன்னா உடனே போட்டுடறதா? ஏதோ, போடறதுக்கு முன்னாடி சங்க ஆபீசுக்கு வரணும்னு தோணுச்சே.

படிச்சியா? படிக்கல. ஓவர்டைம் நோட்டீஸ்னா மட்டும் மொத ஆளா நின்னு படிக்கிற. கேளு, நானே படிக்கிறேன். என் மகள் வஜிஹாவுக்குக் காது கேளாத காரணத்தால், என் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். சொந்த விருப்பமாம். வாயப் பாத்தே பாடத்தப் புரிஞ்சிக்குதுன்னு நீதானே சொன்ன? கம்பெனிக்காரன் ராஜினாமா எழுதி வாங்கற அதே வாசகம்பா இது. அவன் வேலையவிட்டுத் தூக்க மாட்டான், நீயே போறேன்னு எழுதிக் குடுத்துடணும். அப்பறம் எங்க போனாலும் எடுபடாது.

போடலன்னா என்ன பண்ணுவாரு? ஒண்ணியும் பண்ண முடியாது. டில்லில சட்டம் வந்து ரெண்டு வருசம் ஆவுது. இந்தப் புஸ்தகத்துல இருக்குது பாரு, பென்சில்ல கோடு போட்டிருக்கேன். ஊனமுள்ள பிள்ளைங்களுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் இலவசமா படிப்பு. எந்தப் பள்ளிக்கூடத்துல வெக்கிறாங்கன்றதுல பெத்தவங்களுக்குக் குறை இருந்தா, அதக் கேக்க சர்க்கார் ஒரு ஏற்பாடு பண்ணணும். பெத்தவன் பேச்சுக்கும் இடம் இருக்குது ஜமீரு. திங்கக்கெழம தர்மபுரி போலாம், கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம். நானும் வர்றேன்.

வஜிஹாவ நிறுத்தச் சொல்லி மத்த பெத்தவங்க குடுத்த மனுவையும் காட்டினாரா? கையெழுத்தெல்லாம் எப்டி இருந்துச்சு, வரிசையாவா?

வட்டமாவா.

அது நான் சொல்லிக் குடுத்தது. வரிசையா போட்டா மேல இருக்கறவன்தான் தூண்டிவிட்டான்னு மேனேஜ்மெண்ட் அவன மொதல்ல தூக்கும். வட்டமா போட்டா எவன் ஆரம்பிச்சான்னே தெரியாது. எழுபத்தெட்டுல இந்த ஓசூர்ல அத சொல்லிக் குடுத்தவன் நான்தான். இப்ப ஏழு வயசுப் புள்ளைய வெளிய தள்ளறதுக்கு நம்ம ஆளுங்களே அப்டிப் போடறானுங்க.

சங்கத் தேர்தல்ல அவங்க ஓட்டு எனக்கு வேணாமான்னா கேக்கற? சரியான கேள்வி. கேக்க வேண்டியதுதான்.

எனக்கு இது ரெண்டாவது வட்டம்.

என் பொண்ணு முனிரத்னாவ நீ பாத்ததில்ல. பெங்களூர்ல ஹாஸ்டல்ல இருக்குதுன்னு கேள்விப்பட்டிருப்ப, நான்தான் அப்டி சொல்லி வெச்சேன். மத்திகிரில, என் வீட்லதான் இருக்குது. இருபத்திநாலு வயசு. பொறந்ததுலருந்தே ஒரு கை இழுத்துக்கும், வாயில எச்சி ஒழுகும். ஆனா ஒருதடவ சொன்ன பாடம் மறக்காது. மூணாங்கிளாஸ் வரைக்கும் போச்சு. எண்பத்தொண்ணுல இதே மாதிரி ஒரு மனு. பக்கத்துல எங்க புள்ளைங்கள உக்கார வெக்க முடியாதுன்னு. பன்னெண்டு கையெழுத்து, வட்டமா. எல்லாம் சங்கத்து ஆளுங்க.

சண்ட போடத்தான் போனேன். மேசையத் தட்டணும்னுதான் போனேன். அப்ப இருந்த ஹெட்மாஸ்டர் எழுந்து சேர் போட்டாரு. வாங்க தலைவரேன்னாரு. காபி வந்துச்சு. நான் மனுவப் பாத்துக்கிட்டே இருந்தேன். பன்னெண்டு பேரு. அடுத்த மாசம் சங்கத் தேர்தல். போன தடவ நான் ஜெயிச்சது ஒம்பது ஓட்டுல.

என் சம்சாரம் லட்சுமியம்மா கேட்டா, புள்ளைய ஏன் பாதிநாள்ல கூட்டியாந்துட்டீங்கன்னு. சர்க்கார் ஆர்டருன்னேன். இன்னிவரைக்கும் அவளுக்கு அப்டித்தான் தெரியும். அன்னிலருந்து வீட்ல சர்க்காரத் திட்டறது அவ, வெளிய திட்டறது நான்.

ஜெயிச்சேன். நல்லாவே ஜெயிச்சேன். இந்தா, இந்த நாற்காலி.

ஆமா ஜமீரு, போட்டேன். இதே வாசகம், ஒரு வார்த்த அடிக்கல. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்கன்னு கம்பெனி கேட்டுல நின்னு தொண்டை கிழியக் கத்தறவன், முழுசா படிச்சிட்டே போட்டேன். போட்டுட்டு, கை பழக்கத்துல, பேருக்குக் கீழ செயலாளர்னு எழுதிட்டேன். ஹெட்மாஸ்டர் அதப் பாத்துட்டு, நல்ல மனுசன், மெதுவாத்தான் சொன்னாரு. அது வேணாங்க, தகப்பன்னு போட்டா போதும்னு.