ஏழாவது வீட்டுச் சாவி

உங்கள் போலீஸ்காரர் கோடாரியை ஓங்கியபோது தடுத்து நிறுத்தியது நான்தான். "உடைக்காதீங்க, சாவி எங்கிட்ட இருக்குது!" என்று மேடேறி மூச்சிரைக்க ஓடி வந்தேன். நல்ல பூட்டு ஐயா, அது. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தரம் தேங்காய் எண்ணெய் விட்டு நான் காப்பாற்றி வந்தது. அதை வீணாக உடைப்பானேன்?

கதவு திறந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரர், துறையூர் ஜவுளிக்கடை ஜாபர் உசேன் பாய், ஜன்னலடியில் இறந்து கிடந்தார். அவருடைய சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வந்தவர் பூட்டைத் திறந்து நாதாங்கியில் தொங்கவிட்டு உள்ளே போயிருக்கிறார்; அந்தப் பக்கம் வந்த நான், போன தடவை பூட்ட மறந்துவிட்டோம் என்று எண்ணி அமுக்கிவிட்டுப் போய்விட்டேன். அப்படித்தான் சொன்னேன், நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். அவர் மகன் அர்ஷத் என் தோளைத் தொட்டு, "உங்க தப்பு இல்லண்ணே" என்றார்.

அந்த வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கீழ்நாட்டுக்காரர்கள் கொல்லிமலையில் வீடு கட்டுவார்கள், சித்திரை வைகாசியில் வந்து தங்குவார்கள். மற்ற பத்து மாதமும் அந்த வீடுகளுக்கு நான்தான் ஆள். வியாழக்கிழமை தோறும் போய், கம்பி போட்ட ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட வேண்டும். ஓடு நகர்ந்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் குரங்கு புகாமல் பின்கதவுக்கு வெளியிலிருந்து குறுக்குச் சட்டம் அடிப்பதும் நான்தான். பிறகு செம்மேடு வந்து, எஸ்டிடி பூத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் போன்: "ஊட்டப் பாத்துட்டேனுங்க, நல்லா இருக்குது." ஏழு வீட்டுச் சாவியும் என் இடுப்பில் தொங்கும். "ஏழு ஊட்டு மவராசன் வந்துட்டாரு, எந்திரிச்சு எடம் உடுங்கப்பா" என்பான் பூத் குப்புசாமி. எனக்கு அது பிடிக்கும்.

ஆடியில் என் மனைவி ராமாயிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைக்கக்கூட நான் வேண்டும். பக்கத்து ஆறு வீடுகளை ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பாய் வீடு தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியின் கோடியில் தனியாக நிற்பது; போய் வர அரை நாள். போகவில்லை. போன் மட்டும் போட்டேன். நான்கு மாதம், வியாழன் தவறாமல்.

ஐப்பசியில் ஒரு வியாழன் ராமாயி தெம்பாக எழுந்து உட்கார்ந்தாள். அன்று அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஓடு சரிந்து மழை உள்ளே இறங்கியிருந்தது. மரப்பெட்டி முன்னால் பாய் உட்கார்ந்திருந்தார். மடி நிறையக் கரையான் அரித்த துணியும் மண்ணும்.

"வா அர்த்தனாரி. கரையான் உனக்குச் சொந்தக்காரங்களா? பந்தி போட்டு உக்கார வச்சிருக்க" என்றார்.

பிறகுதான் அழுதார். அவருடைய மனைவி ஜுலைகா பீவி, தன் கல்யாணத்தில் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியை அந்தப் பெட்டியில் வைத்துவிட்டு இறந்தவர். மகள் மெஹ்ரினுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போய் அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. நாமக்கல்லில் பத்திரிகை கொடுத்துவிட்டு, அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"போன வாரம் பாத்தேன்னு சொன்னியேப்பா."

"ஊட்டுல நோவாளிங்க பாய்."

"அதச் சொல்லியிருந்தா வேற ஆளு வச்சிருப்பேனே. உன்னையும் விட்டிருக்க மாட்டேன். மத்த ஆறு பேருக்கு நான் சொல்லித்தான் ஆகணும், தப்பா எடுத்துக்காத. அவங்களும் உன் வாய நம்பித்தானே இருக்காங்க?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஊசி மருந்து துறையூர்ல கெடக்கு. மூணு மணி பஸ்ஸ விட்டா என் சக்கரைக்கு வம்பாப் போயிரும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். "ஓட்ட ஒருக்கா பாத்துட்டு வாரேனுங்க" என்று வெளியே வந்தேன். பூட்டு நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி அமுக்கினேன். ஒரு நாள் போதும் என்று பட்டது. மறுநாள் ஓடு கொண்டுவந்து மாற்றி, மண்ணைக் கூட்டி, வீட்டைப் பழையபடி அவருக்குக் காட்டிவிட்டால் மனம் இளகிவிடுவார். அன்று அதைக் கொலை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அர்ஷத் பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். "அத்தா நாமக்கல்ல இல்லயாம்ணே. அங்க வந்தாங்களா?"

"இல்லீங்க தம்பி. ஊடு பூட்டித்தான் இருக்குது."

அதன்பின் புது ஓடுகளை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இறக்கி வைத்தேன். உள்ளிருந்து பாய், "அர்த்தனாரி, யாருக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கதவத் திறப்பா. நாக்கு வறளுது" என்றார். சாவி என் கையில் இருந்தது. பயந்து போன மனிதர், வெளியே வந்ததும் எதை முதலில் சொல்வார் என்று யோசித்தேன். மழை வலுத்தது. ராமாயி தனியாக இருப்பாளே என்று திரும்பிவிட்டேன். சனிக்கிழமையும் போனேன். கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தட்டியது மெதுவாகக் கேட்டது.

நான் போனதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று அர்ஷத் வந்து, "இனிமேலும் நீங்கதாண்ணே இந்த வீட்டப் பாத்துக்கணும்" என்று அத்தாவின் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கதவைத் திறப்பதற்கு முன், அந்தத் திங்கட்கிழமை அவர் மறுபடி போன் செய்து, "ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துச் சொல்லுங்கண்ணே, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றார். மழையில் நடந்து போனேன். கதவில் காதை வைத்து வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்து போன் போட்டேன்: "பாத்துட்டேன் தம்பி. ஒரு சத்தமும் இல்ல."

நான்கு மாதத்தில் அன்றுதான், அந்த வீட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.