அஞ்சறைப் பெட்டியில் மிஞ்சிய ஸ்குரூ

அன்புள்ள மகள் சுஜிதாவுக்கு,

அப்பா எழுதுவது. போடியில் இரண்டு நாளாகத் தூறல் விடவில்லை. ரிப்பேர் கடையை வழக்கம்போலத் திறந்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்குக் கடையில் யார் யார் இருந்தோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீயும் இருந்தாய், உனக்குத் தெரியும். ஆனால் இதை வேறு ஆட்களும் வாசிக்க வேண்டிவரும், அதனால் முறையாக எழுதுகிறேன். தெருவைப் பார்த்த மேசைக்குப் பின்னால் நான். என் வலப்பக்கம், விளக்குக்குக் கீழே, உன் சுழல் நாற்காலியில் நீ. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சின்ராசு, மடியில் அவனுடைய லேப்டாப். வாசலோரப் பெஞ்சில் என் பங்காளி அமாவாசை அண்ணன். அவர் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் சிலமலையில் நம் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.

சின்ராசு, மலை மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பையன். படித்தவன், மரியாதை தெரிந்தவன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னபோது நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை, உன்னை வீட்டில் வைத்துப் பூட்டவில்லை. பார்ப்போம் என்றேன். எத்தனை அப்பன்மார் அப்படிச் சொல்வார்கள் என்று நீயே யோசித்துப் பார்.

கையில் பிடித்தால் ஒரு நோட்டுக் கனம்கூட இல்லாத லேப்டாப் அது. பெங்களூர் கம்பெனி வேலையை லயத்திலிருந்தே பார்க்கிறான், மெதுவாக ஓடுகிறது, ரேம் ஏற்ற முடியுமா என்று கேட்டான். நான் அடிமூடியைக் கழற்றினேன். ஸ்குரூக்களை உன் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில்தான் போட்டேன். கீல் பக்கத்து நீள ஸ்குரூக்கள் கடுகு இருந்த அறையில், முன்பக்கத்துக் குட்டை ஸ்குரூக்கள் சீரகம் இருந்த அறையில். அப்பா கையில் ஒரு ஸ்குரூ இடம் மாறாது என்று வருகிறவர்களிடமெல்லாம் நீ பெருமையாகச் சொல்வாய். அது உண்மை. அதனால்தான் மறதி என்று இப்போது நான் சொல்லிக்கொள்ள முடியாது.

உள்ளே பார்த்தேன். ரேம் பலகையோடு பற்றவைத்தது. வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் கடைசிவரை. எஸ்எஸ்டியைப் பெரிதாகப் போடலாம், வைஃபை கார்டை மாற்றலாம், அவ்வளவுதான் என்றேன். சின்ராசு சிரித்தான்.

"அப்ப எங்க லயத்து வீடு மாதிரித்தேன் மாமா. உள்ள வெள்ளையடிச்சுக்கிறலாம், ஒரு ரூமு இழுத்துக் கட்ட முடியாது."

நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். பெஞ்சிலிருந்து அமாவாசை அண்ணன் கேட்டார்: "மாமாவா? என்னப்பு, மெட்டுலருந்து மாப்ள எறங்கிருச்சு போல. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "சொல்லுவோம் பெரியப்பா. தையில பத்திரிகை கொண்டாந்து குடுக்குறோம்."

அப்போது நான் பாட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன பால் பாக்கெட் மாதிரி ஊதியிருந்தது. குத்துப்பட்டாலோ சூடு ஏறினாலோ தீப்பிடித்துவிடும். வேறு யாராவது என்றால் அதை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, புதிது வரும்வரை மிஷினைத் தொடாதே என்று சொல்லியிருப்பேன். உன்னை டீ வாங்கி வரச் சொன்னேன். துணைக்குச் சின்ராசும் எழுந்து போனான். அண்ணன் அதற்குள் வாசலில் நின்று போன் பேச ஆரம்பித்திருந்தார். யாரிடம் என்ன பேசினார் என்று எனக்கு நன்றாகவே கேட்டது.

கோபம் என்று எதுவும் இல்லை. சில மிஷின்களில் ஏற்ற முடியாது. சொன்னால் வந்தவர்கள் புரிந்துகொண்டு எடுத்துப் போய்விடுவார்கள். நீ புரிந்துகொள்கிற நிலையில் இல்லை.

இழுப்பறையிலிருந்து நீளமான ஸ்குரூ ஒன்றை எடுத்தேன். குட்டை ஸ்குரூ போக வேண்டிய ஓர் இடத்தில், பாட்டரிக்கு நேராக, அதைப் போட்டு முடுக்கினேன். முடிவில் மெத்தென்று ஏதோ தடுத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் அரைச் சுற்றுக் கொடுத்தேன்.

நீங்கள் டீயோடு வந்தீர்கள். மூடிய லேப்டாப்பை அவன் கையில் கொடுத்து, "ஈரம் எறங்கியிருக்கு மாப்ளே. ஸ்டோர்ல வச்சு சார்ஜ் போடுங்க. அந்தச் சூட்டுல காஞ்சா வெரசா ஓடும்" என்றேன்.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். கீழே போடியில் இருக்கிற எவனிடம் இதைச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்ப்பான். ஆனால் மழைக்காலத்தில் மலையில் நனைந்த சட்டை, பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ, தண்ணீரில் விழுந்த போன் எல்லாம் காய்வது ஸ்டோரில்தான். அவன் தலையாட்டினான். நான் மாப்ளே என்று சொன்னதும் உன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தேன். டீ ஆறிப் போயிருந்தது, இருந்தாலும் குடித்தேன்.

அந்த வாரமே, பட்டப்பகலில், ஸ்டோர் எரிந்தது. சூடு போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் உள்ளே தட்டுகளில் காய் கிளறிக்கொண்டிருந்தான். காய்ந்த ஏலக்காயும் சாக்கும் பற்றிக்கொண்டால் புகை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். அவனுடைய அப்பா சோலைமலை பின்னால் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர், கதவைத் திறந்தபோது தாமதமாகிவிட்டது.

துட்டி கேட்க நானும் வந்தேன். "நாந்தேன் வெறகக் கூடத் தள்ளிட்டேன், எம்பிள்ளைய நானே எரிச்சுட்டேன்" என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு அவர் மேல் கேஸ் போட்டிருக்கிறது. சின்ராசுவின் அம்மா பெரியம்மாளால் தனியாக அவரைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, நீ ஊட்டினால்தான் ரெண்டு வாய் சாப்பிடுகிறார் என்று நீ அங்கேயே தங்கிவிட்டாய். கூப்பிட ஆள் அனுப்பினேன். அவரை இப்படி விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாய்.

இது நான் எதிர்பாராதது. நியாயமும் இல்லை. அடுப்பு சரியாகத்தான் எரிந்தது. தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனிதர் மேல் பழி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே தெளிவாக எழுதுகிறேன். சின்ராசுவை அவன் அப்பா கொல்லவில்லை. நான் கொன்றேன், தெரிந்தே செய்தேன். சீரக அறையில் மிஞ்சிய குட்டை ஸ்குரூவை இத்துடன் வைத்திருக்கிறேன். எரிந்த மிஷினில் அதன் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்டேஷனில் பார்க்கச் சொல். இந்தக் கடிதத்தை முதலில் சோலைமலைக்கு வாசித்துக் காட்டு. அவர் மனம் தேறிவிடும். அதன் பிறகு உனக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டால் போய்க்கொள்கிறேன். அதற்குள் நீ வந்து சேர்ந்தால் கடையைப் பூட்ட வேண்டியிருக்காது. உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஈஸ்வரன்.

(உறையின் பின்புறம்)

ஒட்டிய பிறகு ஞாபகம் வந்தது, அதனால் வெளியே எழுதுகிறேன். அழகுராஜாவின் ஜீப்பு மலைக்குப் போக ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கிறது, அவனிடம்தான் கொடுத்துவிடுகிறேன். என்ன அண்ணே விசேஷம் என்று கேட்டான். மகள் வீட்டுக்கு வர்றா என்றேன். திரும்பும்போது உனக்கு முன்சீட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.