ஊதாத விசிலுக்கு ஒரு சத்தியம்

பத்து நாட்களுக்கு முன் பஞ்சாயத்துத் தலைவராகப் பதவியேற்று, இன்று இந்தக் கூட்டத்துக்கும் தலைமையேற்றிருக்கும் மதிப்பிற்குரிய காளியண்ணன் அவர்களே! நம் மலையின் குண்டூர் நாட்டில் மேடும் பள்ளமும் கடந்து கால்நடையாகவே வந்திருக்கும் பெரியோர்களே! கேழ்வரகுக் கொல்லையில் பாதிக் களையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் பலாமரத்தடியில் நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைக் காணிக்கையாக்குகிறேன்.

என் பெயர் சென்றாயன். சேந்தமங்கலத்தில் ஒரு வக்கீலிடம் பன்னிரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன். இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த மேடையில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘சத்தியப் பிரமாணத்தின் மாண்பு.’ மாண்பு! மாலையும் மரியாதையும் மணக்கும் மேடையில் மாண்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். பதவியேற்றவர் மனம் குளிரப் பேசலாம். ஆனால் மனம் கொதிப்பவன் வாயிலிருந்து குளிர்ந்த சொல் எங்கிருந்து வரும்?

ஆங்கிலத்திலே ‘ஸ்வேர்’ என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டினேன். சாட்சிக் கூண்டிலே நின்று சத்தியம் செய்வதா? அதற்கும் அந்தச் சொல்தான். பதவி நாற்காலியில் அமருமுன் பிரமாணம் எடுப்பதா? அதற்கும் அதுதான். அதற்கும் கீழே இன்னொரு பொருள் போட்டிருந்தது. என்ன தெரியுமா? கெட்ட வார்த்தையால் திட்டுவது! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், சின்னானின் கதை தெரியாமல் இருந்திருந்தால்!

சின்னான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மலைக்கு ரோடு வருகிறதே என்று மகிழ்ந்து மண்வெட்டியோடு போனவன். உங்கள் மிளகும் பலாவும் தலைச்சுமையாக இறங்காமல் லாரியில் இறங்க வேண்டும் என்று பாறையிலே உளி அடித்தவன். ஆனி மாதத்தில் ஒருநாள் நடுப்பகல். பாறைக்குள் வெடிமருந்து கெட்டித்துத் திரியைக் கொளுத்தினார்கள். கொளுத்துமுன் சிவப்புக் கொடி காட்ட வேண்டும்; மூன்று முறை விசில் ஊத வேண்டும். சட்டம் அது. கொடியும் இல்லை, விசிலும் இல்லை. கீழ்வளைவிலே குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான் சின்னான். தொலைவிலே கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள் அவன் மனைவி இருசாயி. வெடித்தது பாறை. பறந்தது கல். விழுந்தான் சின்னான். கஞ்சி அந்தத் தூக்கிலேயே ஆறிப்போனது.

விசாரணை நடந்தது. மலைக்குக் கீழே, அதிகாரி ஒருவர் முன்னிலையிலே. ரோடு வேலையின் மேஸ்திரி அப்பாசாமி கூண்டில் ஏறினார். கையை உயர்த்தினார். கடவுள் சாட்சியாகச் சொல்வதெல்லாம் உண்மை என்றார். பிறகு சொன்னார்: “மூணு தடவை விசில் ஊதினேன். கொடி காட்டினேன். சின்னான் குடிச்சிருந்தான். அதனால நகரலை.”

குடித்திருந்தானாம்! காலையிலிருந்து ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காதவன் குடித்திருந்தானாம்!

அந்த நான்கு வாக்கியங்களும் எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? முந்தின நாள் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான்தான். என் வக்கீல் ரோடு கான்ட்ராக்டரின் வக்கீல். அவர் சொல்லச் சொல்ல, அழகான கையெழுத்தில், பிழையில்லாமல், அந்தப் பொய்யை எழுதினேன். தூற்றுங்கள், தூற்றுங்கள். தூற்றப்படத்தான் ஏறியிருக்கிறேன்.

அடுத்து வந்தவர் அத்தாயி. சின்னானுக்கு உறவில்லை, முறையில்லை. அன்று அதே வளைவில் மண் சுமந்த அம்மாள். அவ்வளவுதான். கூண்டில் ஏறியதும், சத்தியம் செய்யச் சொன்னார்கள். அந்த அம்மாள் அதிகாரியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, நான் இன்னும் வாயே தொறக்கலீங்களே. அதுக்குள்ள என்னையப் பொய்க்காரின்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

மன்றம் சிரித்தது. “எல்லாரும் சொல்வதுதானம்மா, சொல்” என்றார் அதிகாரி.

“எங்க ஊட்டுல ஒருத்தரு பேச்சை நம்பலைன்னாத்தானுங்க சாமியைக் கூப்புடுவோம். நான் கண்ணால பாத்ததைச் சொல்ல வந்தேன். அதுக்கு எதுக்குங்க சாமி? கேளுங்க, சொல்றேன்.”

“சத்தியம் செய்யாதவள் சாட்சி இல்லை. இறங்கு.”

இறக்கிவிட்டார்கள்! சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவன் சாட்சி! சத்தியம் செய்யாமலே உண்மை சொல்ல வந்தவள் சாட்சியல்ல! இது என்ன நீதி? எந்த நாட்டு நியாயம்?

தோழர்களே, சாமி பேரால் ஆணையிட மனமில்லாதவர்கள் வெறும் உறுதி கூறிவிட்டுச் சாட்சி சொல்லலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எனக்குத் தெரியும். ஒரு வரி எழுந்து சொல்லியிருந்தால் போதும். வக்கீல் என்னைப் பார்த்தார். சாட்சிகள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது படியிலே அத்தாயி நின்றிருந்தார். கோபமில்லை, சாபமில்லை. கேட்டார்: “ஏனுங்க, எல்லாத்தையும் நீங்கதானே எழுதுனீங்க. விசில் ஊதுனதா எழுதுனீங்களே, உங்களுக்குக் கேட்டுதுங்களா?”

பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ குறுக்கு விசாரணை பார்த்தவன் நான். அப்படி ஒரு கேள்வியை அங்கே பார்த்ததில்லை. சின்னான் தன் கவனக்குறைவால், குடிபோதையில் இறந்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

மூன்றாம் நாள் மறுபடி அதே ரோடு, அதே மேஸ்திரி, இன்னொரு பாறை. அங்கே நடந்ததை இருசாயி சொல்லிக் கேட்டேன். அன்று வேலையைப் பார்க்க இஞ்சினீயரும் வந்திருந்தார். மருந்து கெட்டித்தாயிற்று. திரி வைத்தாயிற்று. அத்தாயி மண்கூடையைக் கீழே போட்டார். நேரே நடந்து போய் அந்தப் பாறையின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்!

“ஏய், எறங்கு! வெடி வைக்கணும்!” என்று கத்தினார் அப்பாசாமி.

“ஊதுங்க. எறங்குறேன்.”

“என்னத்த ஊத?”

“விசிலுங்க. அன்னிக்கு மூணு வாட்டி ஊதுனேன்னு கையைத் தூக்கிச் சொன்னீங்களே. இன்னிக்கு ஒரே வாட்டி ஊதுங்க, போதும்.”

மேஸ்திரி இடுப்பைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். ஆளை விட்டுக் கொட்டகையைத் தேடச் சொன்னார். இஞ்சினீயர் கேட்டார், “விசில் எங்கேய்யா?” இல்லை! அன்று மட்டுமா இல்லை? அந்த ரோட்டில் வேலை தொடங்கிய நாள்முதல் ஒரு விசிலே கிடையாது! இல்லாத விசிலை ஊதியதாகக் கடவுளைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள்! அதைத்தான் நான் மையிலே தோய்த்து எழுதியிருக்கிறேன்!

அன்று வேலை நின்றது. மறுநாள் சேந்தமங்கலம் கடையிலிருந்து விசில் வந்தது, ஊதினார்கள், அதன் பிறகுதான் வெடித்தார்கள். இஞ்சினீயர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினார். நான் வக்கீலிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சட்டத்தின் அந்த வரியைக் காட்டி மனு எழுதினேன். விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அத்தாயி உறுதி கூறிச் சாட்சி சொல்லலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

கைதட்டாதீர்கள்! கைதட்டும் நேரமல்ல இது! அப்பாசாமிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? வேறொரு மலைக்கு, வேறொரு ரோட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே பாறை இல்லையா? அந்தப் பாறைக்குக் கீழே ஒரு சின்னான் குனிந்திருக்கமாட்டானா?

விசிலே இல்லை என்பதற்கு இஞ்சினீயர் கடிதம் போதும். ஆனால் சின்னான் குடித்திருக்கவில்லை என்பதை யார் சொல்வது? அத்தாயி சொல்வார். ஒரே ஒருத்தி. அன்று அந்த வளைவில் வேலை செய்தவர்கள் அத்தாயியைத் தவிர்த்துப் பதினேழு பேர்! பதினேழு ஆண்கள்! சின்னானோடு கூழ் குடித்தவர்கள், ஒரே உளியை மாற்றி மாற்றி அடித்தவர்கள். எங்கே அவர்கள்? ரோடு வேலை போய்விடும் என்று வாயைக் கட்டிக்கொண்டவர்கள் எங்கே?

யார் அது, “பேரைச் சொல்லுங்க” என்பது? சொல்லமாட்டேன் ஐயா. ஒருவர் பெயரையும் சொல்லமாட்டேன். எழுந்து நிற்க வேண்டியவர்கள் தாங்களே எழட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பதினேழு பேரில் பலாமரத்தடியிலே சிலர் இருக்கிறார்கள். தரையிலே சிலர் இருக்கிறார்கள். இந்த மேடையிலும் ஒருவர் இருக்கிறார்.

இருசாயி இங்கேதான் அமர்ந்திருக்கிறார். உங்கள் மத்தியில்தான். தன் புருஷனை உயிரோடு திருப்பிக் கேட்கவில்லை அவர். குடிகாரன் என்று எழுதிய அந்த ஒரு சொல்லை அடித்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். அதைக்கூடக் கொடுக்க முடியாத கைகளா நம் கைகள்?

என்ன, தலைவர் எழுகிறாரா? பேசுங்கள், தலைவர் அவர்களே, பேசுங்கள்.

...

அமைதி! அமைதி! பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நம் தலைவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “அன்னிக்கு நானும் அங்க இருந்தேனுங்க. விசில் ஊதலீங்க. சின்னான் குடிக்கலீங்க. எனக்குப் பயமா இருந்துது, சொல்லலீங்க. செவ்வாக்கெழமை நான் வாரேன்.”

பலாமரத்தடியில் யார்? குழந்தைவேலா? நீங்களும் வருகிறீர்களா? அதோ, இன்னும் இரண்டு பேர். எழுங்கள். நன்றாக எழுந்து நில்லுங்கள். இருசாயி திரும்பிப் பார்க்கட்டும்.

பேசவந்தவனின் குற்றத்தையும் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. செவ்வாய்க்கிழமை பொழுது விடிய இந்த மேட்டிலிருந்து புறப்படுகிறோம். இறங்குவதற்கு வெகுநேரம் ஆகும், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். அத்தாயி முன்னால் நடப்பார். வணக்கம்.