மருமகளுக்கு ஒரு குளிர்காலம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, என் மனைவி போடும் டீயைக் குடித்தே இத்தனை காலம் உயிரோடு இருப்பவன் நான்.

பழத்தோட்டத்தில் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கத் தனித்தேனீ வளர்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அதற்கு ராணி கிடையாது, கூட்டம் கிடையாது; ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று ஒரு துளை தேடி முட்டையிடும். பாதி உலகம் என் தயவில்தான் பழம் தின்றது என்றால் மிகையில்லை.

இந்தத் தேனீ குளிர் வருமுன்பே முழு உருவம் பெற்றுவிடும். ஆனால் கூட்டைவிட்டு வராது; குளிரில் உறங்கும். அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து, சினை முதிராமல், வெளியே வந்து சும்மா செத்துப்போகும். அதனால் குளிரறையில் வைப்போம். ஓய்வு பெற்றபோது அப்படிப்பட்ட பழைய அறை ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

மருமகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. தங்கமான பெண். ஆனால் ஓயாத ஓட்டம்: ஆபீஸ், பஸ், அடுப்பு, மறுபடி ஆபீஸ். எனக்குக் குளிர் காணாத தேனீதான் ஞாபகம் வரும். முதலில் நன்றாகச் சாப்பிட வைத்தேன்.

“என்ன மாமா, வெட்டப்போற ஆட்டுக்குப் போடற மாதிரி போடறீங்க?” என்றாள். வீடே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மனைவியும் மகனும் வெளியூர் போனார்கள். “குளிரறையில தட்டெல்லாம் அடுக்கணும், ஒரு கை குடும்மா” என்று கூப்பிட்டேன், வந்தாள். கதவின் உள்பக்கக் கைப்பிடியை முன்பே கழற்றியிருந்தேன். போர்வையும் வைத்திருந்தேன், நான் கல்நெஞ்சன் இல்லை.

“மாமா, விளையாடாதீங்க. கதவத் திறங்க. ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் மாமா...”

உறங்கப்போகும் உயிர் எதையாவது முனகும். பேச்சுக் கொடுத்தால் கலைந்துவிடும் என்று நகர்ந்துவிட்டேன். மறுநாள் சத்தமில்லை. நிம்மதியாக இருந்தது. மகன் போனில் கேட்டபோது, “தூங்கறாப்பா” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வந்து கதவை உடைத்தான். அவசரக்காரன். குளிர்காலம் முடியும்வரை பொறுத்திருந்தால் அவளே எழுந்து வந்திருப்பாள்.

பூட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளை அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: வயிற்றில் மூன்று மாதக் கரு. மூன்றே நாள் குளிருக்கு இவ்வளவு பலன், சார். என் தேனீக்களில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.