அறுநூறு போனுக்கும் ஒரே பதில்

நீங்கள் வாங்கித் தந்த டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் ஆபீஸ் டீயில் இந்தத் திடம் இருக்காது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் ஒவ்வொன்றும் சர்வரிடம் வந்து, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பதிந்துகொள்ள வேண்டும். கரண்ட் போய் வந்தால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும். சர்வர் அதைத் தாங்குமா என்று பார்க்க, கம்ப்யூட்டருக்குள் பொய்ப் போன்களை உண்டாக்கி ஏவிவிடுவேன். என் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்கவைத்தார். புது ஆள் வந்தால் மேஸ்திரி மூட்டைமேல் மூட்டையாக ஏற்றி, முட்டி எப்போது நடுங்குகிறது என்று பார்ப்பாராம். நான் செய்வதும் அதுதான், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

இந்த முறை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் தங்கும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பின் சர்வர். அறுநூறு அறை, அறைக்கு ஒரு போன். பக்கத்தில் எண்ணெய்க் கிடங்கு என்பதால் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலாம் மாடி, பன்னிரண்டாம் அறை என் அண்ணனுடையது.

வழக்கமாகப் பொய் எண்களைத்தான் போடுவோம். மேனேஜர், “நிஜம் மாதிரி இருக்கணும்ப்பா” என்றார். நிஜ எண்களையே போட்டேன். பாஸ்வேர்டுக்கு நான் அலையவில்லை. போன் மாட்டியவர்கள் அறை எண்ணையே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாக யார் வந்து பதிகிறார்களோ, சர்வருக்கு அவர்தான் நிஜம். என் பொய்ப் போன்கள் நிமிஷத்துக்கு நாலு தடவை பதிந்தன. அறைகளில் இருந்தவை ஊமையாகிவிட்டன; அழைப்பு உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. வீடுகளிலிருந்து வந்த அழைப்பெல்லாம் என்னிடம் வந்தது.

முதலில் ‘பீப்’ மட்டும்தான் பதில். “ஏங்க, ஏங்க” என்று பெண்கள் தவித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் ஆபீஸுக்குக் கூப்பிட்டு என்னோடு பேசிய ரெக்கார்டிங் ஒன்று இருந்தது. அதை நறுக்கி வைத்தேன். “ம்... சொல்லு.” கொஞ்சம் இடைவெளி. “சாப்ட்டியா?” இடைவெளி. “சரி, சரி. உடம்பப் பாத்துக்கோ.” மேலே கொஞ்சம் கரகரப்பு. அது சுற்றிச் சுற்றி ஓடும்.

அறுநூறு வீட்டில் ஒரு வீட்டுக்கும் சந்தேகம் வரவில்லை, சார். ஒருத்தி, “என்ன, சளி பிடிச்சிருக்கா?” என்றாள். இன்னொருத்தி, “கல்யாணமாகி இருவது வருஷத்துல இன்னைக்குத்தான் குறுக்க பேசாம கேட்டீங்க” என்று சொல்லி அழுதுவிட்டாள். நான் கெடுத்த குடும்பத்தைவிடச் சேர்த்துவைத்த குடும்பம் அதிகம்.

ஆண்கள்தான், வீட்டிலிருந்து போனே வருவதில்லை என்று வார்டனிடம் போய் நின்றார்கள். அவர் என்னைக் கேட்டார். அழைப்புப் பட்டியலை அனுப்பினேன். “நேத்து உன் பொண்டாட்டி ஏழு நிமிஷம் பேசியிருக்கா. தண்ணியப் போட்டா எல்லாம் மறந்துடுமா?” என்று அவர் ஒவ்வொருவரையும் விரட்டியிருக்கிறார். சிலர் குடிப்பதையே விட்டுவிட்டார்களாம்.

பதினோராம் நாள் ஒரு அம்மா வாசலுக்கு வந்திராவிட்டால் இன்னும் ஓடியிருக்கும். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டுப் புருஷனை அழைத்துப் போக வந்திருந்தாள்.

“அந்தத் தறுதலைக்கா? யாரைக் கேட்டுடி முடிச்ச?”

“உங்களத்தான் கேட்டேன். மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் சரி சரின்னீங்க.”

அப்படித்தான் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்கள் தவறுதலாக மாறிவிட்டன என்று எழுதிக்கொடுத்தேன். மாறவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே எண். சோதனைக்கு முந்தின நாள் அண்ணன் கூப்பிட்டார். “முதுகு போச்சுடா தம்பி. இனிமே தூக்கினா படுத்துடுவேன்னு டாக்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடு. உன் வீட்டுல ஒரு மூலைல கிடந்துக்கறேன்” என்றார். இரண்டே அறை வீடு. “அவர் வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள் வீட்டுக்காரி. வளர்த்தவரிடம் வராதே என்று எந்த வாயால் சொல்வது? ஒரு போனை மட்டும் ஊமையாக்கினால் பட்டியலில் துருத்திக்கொண்டு தெரியும். அறுநூறையும் ஊமையாக்கினால் அதற்குப் பெயர் சோதனை.

நான் சொன்ன ரெக்கார்டிங் அன்றைக்கு அவர் பேசியதுதான். அதிலிருந்து “எப்படா வர்ற?” என்பதை முதலில் வெட்டினேன்.

ஞாயிறு யாரும் போகவில்லை. வேலைக்குப் போகாதவருக்கு அங்கே அறை கிடையாது. திங்களன்று மறுபடி மூட்டைக்குப் போனார். சோதனையின் ஒன்பதாம் நாள் மூட்டையோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

சர்வர் அருமையாகத் தாங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பொய்ப் போன்களை எடுத்துவிட்டேன். நாலாம் மாடி பன்னிரண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே நேற்று அவரிடமும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். சரி, சரி என்றார். அண்ணனுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை, சார். இருந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பாரா?