வியாழக்கிழமை இல்லாத அம்மா

கோவளத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னல் ஓரம் இருந்த வயதானவர் சொன்னார்.

"வியாழக்கெழமயானா நான் செத்துப் பூடுவேன்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "இன்னாக்கா, காலங்காத்தால."

"மெய்யாத்தான். எம் பொண்ணு செல்வி போற சென்டர்ல டீச்சரு சொல்லிச்சு. முப்பது வயசாவுது, இன்னும் கொழந்த புத்திதான், எல்லாத்துக்கும் அம்மாதான். நீ இல்லாம இருக்க இப்பவே பழக்குன்னுச்சு."

"அதுக்கு?"

"விடிஞ்சதும் கெளம்பிடுவேன். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுல குந்திகினு இருந்துட்டு இருட்டுனப்புறம் வூட்டுக்குப் போவேன். சோறு அதுவே வடிக்கணும். கதவ அதுவே பூட்டிகினு சென்டர் வேன்ல ஏறணும்."

"உனக்கு வாரம் ஒரு நாள் லீவுன்னு சொல்லு."

அவர் சிரிக்கவில்லை.

"அழுவாதாக்கா?"

"மொத வாரம் பஸ் பின்னாலயே ஓடியாந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல."

பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரு உனக்கு இன்னா சொன்னாரு?"

"பொங்கலத் தாண்டாதுன்னாரு."

"செல்விக்குத் தெரியுமா?"

"எப்புடிச் சொல்றது? போன வாரம் இருட்டுனப்புறம் நான் வூட்டுக்குப் போறப்போ சோறு துன்னுகினு இருந்துச்சு. எப்பவும் எனக்கும் சேத்து ரெண்டு தட்டு வெக்கும். அன்னிக்கு ஒண்ணுதான் வெச்சிருந்துச்சு."

"நல்லதுதானக்கா. பழகிடுச்சு."

"நல்லதுதான்."

மாமல்லபுரத்தில் அவர் மட்டும் இறங்கினார். நிழலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மணி எட்டுகூட ஆகவில்லை.