ரெடிமேடு ஃபாரம்

— சிரிக்காதீங்க ஜனகராஜ் சார், அந்த மனுசன் என்னைய அடிக்க வந்துட்டாரு.

— யாரும்மா?

— பரவை விருமாண்டி. மார்க்கெட்டுல மூடை தூக்குறவரு. நம்ம முட்டிவலி மாத்திரை ஆராய்ச்சியில சேர்ந்திருக்காரே, அவருதேன். அறுபது தாண்டுன ஆம்பளகிட்டப் போயி, 'ஐயா, கடைசியா எப்பத் தூரமானீங்க'ன்னு கேட்டா கையெடுத்துக் கும்புடுவாரா?

— அத ஏன் கேட்டே சோலையம்மா? நர்சுக்குப் படிச்சவதானே நீ?

— நானா கேட்டேன்? ஒங்க கம்ப்யூட்டர் கேட்டுச்சு. அந்தக் கட்டத்த நெரப்பாம அடுத்த பக்கத்துக்குப் போவ மாட்டேங்குது.

— ஓ, அதுவா. அது லைப்ரரி ஃபாரம்.

— லைப்ரரியா?

— சிம்பிள். போன வருசம் மாசமா இருக்கற பொம்பளைங்களுக்குச் சத்து மாத்திரை ஆராய்ச்சி பண்ணோம்ல? அதுக்கு ராப்பகலா ஒழைச்சு நான் ஒரு ஃபாரம் செஞ்சேன். அத எல்லா ஊருக்கும் பொதுவான சாஃப்ட்வேருக்குள்ளயே பத்திரமா சேத்து வச்சுட்டேன். இந்த ஆராய்ச்சி வந்துச்சா, எடுத்தேன், மேல பேர மாத்துனேன், வேலை முடிஞ்சுது. பீரோவுல பட்டுப்பொடவய மடிச்சு வச்சு, விசேசத்துக்கு விசேசம் எடுத்துக் கட்றதில்லையா?

— அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பொடவய தம்பி கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டா எப்பிடி சார்?

— கிண்டலா? ஒவ்வொரு தடவையும் புதுசா செஞ்சா எவ்வளவு நேரம் போகும் தெரியுமா?

— நீங்க எம்புட்டு நேரம் மிச்சம் பிடிச்சீங்களோ, அம்புட்டு நேரமும் நாங்க வசவு வாங்குறோம். 'பால் கொடுக்கிறீர்களா'ன்னு வேற கேக்குது. 'ரெண்டு எரும இருந்துச்சு, வித்துட்டேன்'ங்குறாரு அவரு.

— சரி, கர்ப்பம் எத்தனாவது மாசம்ங்கற கட்டத்துக்கு என்ன போட்டே?

— சைபர் போட்டேன். தப்புன்னு செவப்பெழுத்துல வந்துச்சு. ஒண்ணு போட்டேன், ஏத்துக்கிருச்சு. ஒங்க கணக்குப்படி விருமாண்டிக்கு இது மொத மாசம்.

— சரி சரி, ஆம்பளைன்னா அந்தக் கேள்வியெல்லாம் வராத மாதிரி மாத்திரலாம். இதச் சொல்லவா இந்த வெயில்ல மாடி ஏறி வந்தே?

— இதுக்கு வரல. அவரு காதுக்கு வந்தேன்.

— காதுக்கு என்ன?

— மாத்திரை ஆரம்பிச்சதுலருந்து உள்ள இரைச்சலாம். இப்பச் சரியாவே கேக்கல. அவரு மட்டுமில்ல, இதே மாத்திரை சாப்பிடுற திருநகர் செல்லத்தாயியும் அதத்தேன் சொல்லுது. நல்லகாமனும் அதத்தேன் சொல்றாரு.

— வயசானா காது மந்தமாகத்தானே செய்யும்.

— மூணு பேருக்கும் ஒரே மாசத்துலயா சார் வயசாகும்?

— ஃபாரத்துல குறிச்சியா?

— எங்க குறிக்க? 'மாத்திரையால் தொந்தரவு'ன்னு தட்டுனா வாந்தி, மலச்சிக்கல், கால் வீக்கம், எதுவும் இல்லை. அம்புட்டுத்தேன். மனுசனுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குறதே ஒங்க ஃபாரத்துக்குத் தெரியல.

— மாசமா இருக்கறவங்களுக்குக் காதுல என்ன வரப்போவுதுன்னு விட்டுட்டேன்.

— 'மற்றவை'ன்னு ஒரு கட்டமாச்சும் வச்சிருக்கலாம்ல?

— வச்சிருந்தேன். எடுத்துட்டேன். அதுல நீங்கல்லாம் கதையா எழுதுறீங்க. கதைய எண்ண முடியாதும்மா, கட்டத்தத்தான் எண்ண முடியும்.

— அவர வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சிருக்கேன், நீங்களே கேளுங்க. ஐயா! விருமாண்டி ஐயா! பாத்தீங்களா, திரும்பக்கூட இல்ல. இருங்க, தொட்டுக் கூட்டியாறேன்.

— வாங்க பெரியவரே, ஒக்காருங்க. காது எப்படி இருக்கு?

— காத்தா? நல்லாத்தேன் வருது தம்பி, ஃபேன் ஓடுதுல்ல.

— காது! ஒங்க காதக் கேக்குறாரு ஐயா!

— அதுவா தாயி. வண்டு பூந்தாப்புல கொய்ய்னு ஒரே சத்தம். நேத்து மார்க்கெட்டுல வெங்காய லாரி பின்னால வந்திருக்கு தம்பி. கிளீனர் கத்தியிருக்கான், லாரியப் போட்டுத் தட்டியிருக்கான். எனக்கு ஒண்ணுமே கேக்கல. மூடையோட சேத்து என்னைய இழுத்துப் போட்டாய்ங்க. தோள்பட்டை பூராம் செராய்ப்பு, இந்தா பாருங்க. முட்டிவலி கொறஞ்சிருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா மேல லாரி ஏறிட்டா முட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்ய?

— சோலையம்மா, அவரக் கீழ கூட்டிப் போயி டீ வாங்கிக் கொடுத்துட்டு வா. வந்து கதவச் சாத்து.

— வாங்கிக் கொடுத்துட்டேன். கதவயும் சாத்திட்டேன். சொல்லுங்க சார்.

— இன்னிக்குச் சாயங்காலம், கரண்டு போறதுக்குள்ள, எல்லா ஃபாரமும் மாத்திரை செய்யுற பம்பாய் கம்பெனிக்குப் போயாகணும். இப்போதைக்கு 'எதுவும் இல்லை'ன்னு தட்டிரு. அடுத்த ஆராய்ச்சியில காதையும் சேத்துக்கலாம்.

— அது வரைக்கும் லாரிக்காரங்கள ஓட்டாதீங்கன்னு சொல்லி வைப்பீங்களா?

— குதர்க்கம் பேசாத.

— மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேன் சார், மூணு பேருக்கும்.

— யாரக் கேட்டு?

— டாக்டரக் கேட்டேன். 'ஜனகராஜ் ஃபாரத்துல என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்'னாரு. அதுல ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியுமே. நானே நிறுத்திட்டேன்.

— ஒன் வேலை போயிரும்மா.

— போகட்டும். நர்சு எதுனால போனான்னு ஒங்க கம்ப்யூட்டர் கேட்டா, வாந்தின்னு தட்டிக்கங்க. நான் வாரேன்.

— ஏய், இரு. கோவிச்சுக்காத. அந்த ஆளு தோள்பட்டையப் பாத்ததுலருந்து எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பம்பாய்க்கு நானே போன் போடுறேன். இங்கயே நில்லு... ஹலோ, மேடம்? ஜனகராஜ், மதுரை... இயர் ப்ராப்ளம் மேடம்... நோ மேடம், இயர், இயர்... எஸ் மேடம்... எஸ் மேடம்.

— என்ன சார் சொன்னாங்க? ஒங்க 'எஸ் மேடம்' மட்டுந்தேன் எனக்குப் புரிஞ்சுது.

— நம்ப மாட்டேங்கறாங்க. இதே மாத்திரை இன்னும் ஒம்பது ஊர்ல கொடுக்கறாங்களாம். ஒரு ஊர்லருந்தும் காதுன்னு புகார் வரலையாம். மதுரைத் தண்ணியில ஏதாச்சும் இருக்கும், பாருங்கன்னு சொல்றாங்க.

— ஒம்பது ஊர்லயுமா? ஒருத்தருக்குக் கூடவா ஒண்ணுமில்ல? அப்ப நாந்தேன் அவசரப்பட்டுட்டேனா சார்?

— இல்லம்மா. ஒக்காரு. அந்த ஒம்பது ஊர்லயும் என் ஃபாரத்தத்தான் எடுத்துப் போட்டிருக்காங்க.